இலை உதிரும் மாதங்களும் லயத்துக் கொல்லைகளும்



இலையுதிர் காலம் என்பது குளிர்நாட்டாருக்கு உரியது, மலேசியாவில் மழையும் வெயிலும்தான் உண்டு என்று பள்ளிப் புத்தகங்கள் கூறுகின்றன. கூறுவது சரிதான். ஆனாலும் பால்மரக்காட்டு லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் அதை முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தைப்பூசக் காவடிகள் இறங்கி, வெயில் காயத் தொடங்கியதும் ரப்பர் இலைகள் மஞ்சளாகி, பின் சிவந்து, ஒரு காற்றுக்கு நூறு நூறாக உதிர்வதை அவர்கள் ஆண்டுதோறும் கண்டவர்கள். மாசி மாதத்தில் நிரைக்குள் நடந்தால் காலடியில் சருகு நொறுங்கும் ஓசைதான் கேட்கும். நிழல் இருந்த இடத்தில் வெயில் அடிக்கும். பங்குனியில் செம்பு நிறத்தில் தளிர் வரும் வரைக்கும் காடு மொட்டையாக நிற்கும்.

இந்த மரம் நம் மண்ணுக்கு உரியதன்று. தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதியில் பிறந்தது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனுக்கு அருகிலுள்ள கியூ பூந்தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அங்கே முளைத்தவற்றிலிருந்து 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. மலாயாவின் ரப்பர் வரலாறு அந்த 22 கன்றுகளில் தொடங்குகிறது. தாய்நாட்டில் வறண்ட மாதங்களில் இலையை உதிர்த்துப் பழகிய மரம், இங்கே வந்த பின்னும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. மழை குறைந்தவுடன் இலையைக் கழித்துவிடுகிறது. நம்மவர்கள் கடல் கடந்து வந்தபோது பொங்கலையும் தீமிதியையும் கூடவே கொண்டு வந்தார்கள் அல்லவா? மரமும் தன் பருவத்தைக் கொண்டு வந்துவிட்டது.

இலை உதிர்ந்தால் பால் குறையும். தளிர் முற்றும் வரை மரம் தன் சத்தையெல்லாம் இலைக்கே செலவிடும். அந்த வாரங்களில் வெட்டினால் மங்கின் அடியில் கொஞ்சம்தான் நிற்கும். பட்டைக்கும் கேடு. ஆகவே சில தோட்டங்களில் வெட்டையே நிறுத்திவிட்டுப் புல்வெட்டுக்கும் கான்வெட்டுக்கும் ஆளை அனுப்பினார்கள். சிலவற்றில் வெட்டு நாட்களைக் குறைத்தார்கள். எப்படியானாலும் சம்பள நாளில் கைக்கு வரும் காசு இளைத்துவிடும். கடைக்காரர் கணக்குப் புத்தகத்தில் மட்டும் இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது.

அந்த மாதங்களில் குடும்பத்தைத் தாங்கியது எது என்று கேட்டால், லயத்துக்குப் பின்னால் இருந்த கொல்லை என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். தோட்டம் என்ற சொல்லை நாம் துரைமாரின் எஸ்டேட்டுக்கே கொடுத்துவிட்டபடியால், நமக்கென்று இருந்த சிறு நிலத்திற்குக் கொல்லை என்ற பெயர்தான் மிஞ்சியது. அந்தக் கொல்லையின் வரலாற்றைத்தான் இன்று பேச எண்ணுகிறேன். துரைமாரின் வரலாறு நிறைய எழுதப்பட்டுள்ளது. ரப்பர் விலையின் வரலாறும் உண்டு. முருங்கை மரத்தின் வரலாற்றை எழுதுவார் அதிகமில்லை.

ஜொகூரில் ரப்பருக்கு முன்னே கறுப்பு மிளகும் காம்பிரும் விளைந்தன. ஆற்றங்கரை தோறும் சீனக் கங்சூமார்கள் சுல்தானிடம் உரிமை பெற்று அவற்றைப் பயிரிட்டார்கள். அந்த முறை 1917இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதற்குள் ரப்பர் வந்துவிட்டது. கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில்பாதை 1909இல் முடிந்தபின் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று பாதையின் இரு மருங்கிலும் காடுகள் வெட்டப்பட்டன. திருச்சி, தஞ்சை, சேலம், ஆற்காட்டுப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் ஆள் கொண்டு வந்தார்கள். வந்தவர்களுக்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறை. பத்தடி, பன்னிரண்டடி அளவுள்ள அந்த அறையில் அடுப்பை மூட்டினால் படுக்க இடமிருக்காது. ஆகவே வாழ்க்கை அறைக்கு வெளியே, பின்பக்கத்தில்தான் நடந்தது.

பின்பக்க நிலம் துரை மனம் வைத்துக் கொடுத்த தானம் என்று பலர் எண்ணியிருந்தார்கள். உண்மையில் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. 1922இல் இந்திய அரசாங்கம் குடிபெயர்வுச் சட்டம் ஒன்றை இயற்றி, நம் தொழிலாளர் செல்லும் நாடுகள் சில வசதிகளைச் செய்து தர வேண்டும் என்று வற்புறுத்தியது. அதையொட்டி, கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு வந்தது. கூட்டரசுக்கு வெளியே இருந்த ஜொகூரும் அதையொத்த சட்டத்தைக் கைக்கொண்டது. குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஓர் ஏக்கரில் 16இல் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று.

பதினாறில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு? ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அதைப் பதினாறால் வகுத்தால் 2,722 சதுர அடி வரும். ஏறக்குறைய 52 அடிக்கு 52 அடி. ஊர்க் கணக்கில் ஆறேகால் சென்ட். எங்கள் பள்ளித் திடலில் ஒரு முறை கயிறு பிடித்து இதை அளந்து காட்டினேன். பிள்ளைகள் “இவ்வளவுதானா சார்?” என்றார்கள். பின்பு அந்தச் சதுரத்துக்குள் எத்தனை கத்தரிச் செடி, எத்தனை வெண்டை, எத்தனை மரவள்ளிக் குச்சி நடலாம் என்று எண்ணிப் பார்த்தபோது பேச்சு மாறிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 7 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் ஒரு பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்பதும் அதே 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த விதிதான். நமது தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் பல அந்த விதியின் பிள்ளைகள். ஆக, பள்ளியும் கொல்லையும் ஒரே சட்டத்தில் பிறந்த உடன்பிறப்புகள் எனலாம்.

சட்டம் இருந்ததால் எல்லாத் தோட்டங்களிலும் நிலம் கிடைத்தது என்று எண்ணிவிடக் கூடாது. சில இடங்களில் நல்ல நிலம் அளந்து கொடுத்தார்கள். வேறு சில இடங்களில் சதுப்பையும் கல்மேட்டையும் காட்டி இதுதான் உன் பங்கு என்றார்கள். காலை ஐந்து மணிக்கு முன்பே பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, பால் எடுத்து, எடை போட்டுவிட்டுப் பிற்பகலில் திரும்பும் பெண்தான் அந்த மண்ணைக் கொத்த வேண்டியிருந்தது. கொல்லை வேலைக்குப் பேர் போடுவாரும் இல்லை, சம்பளமும் இல்லை.

அந்தக் கொல்லையில் என்ன இருந்தது? வாசலையொட்டித் துளசி, கற்பூரவள்ளி. வேலியோரம் முருங்கையும் அகத்தியும். அதற்கடுத்து கருவேப்பிலை, அவரைப்பந்தல், பாகல், புடலை. புடலங்காய் நேராக நீள வேண்டுமென்று நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள். ஊரிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டு வந்த விதை என்று சில குடும்பங்களில் பெருமையாகச் சொல்வதுண்டு. மலாய்க் கம்பத்திலிருந்து பெற்ற செரை என்னும் எலுமிச்சைப்புல்லும் லெங்குவாஸும் அதே பாத்தியில் வளர்ந்தன. சீனக் காய்கறிக்காரரிடம் கற்றுக்கொண்டு சாவிக் கீரை போட்டவர்களும் உண்டு. நமது சமையலின் வாசம் மாறிய வரலாறு இந்த ஆறேகால் சென்ட்டுக்குள் இருக்கிறது.

மாட்டைப் பற்றிச் சொல்லாமல் கொல்லையைப் பற்றிச் சொல்ல முடியாது. லயத்துக்குச் சற்றுத் தள்ளி வரிசையாக மாட்டுக்கொட்டகைகள் இருந்தன. கிராணி வீட்டுக்கும் ஆயாக்கொட்டகைக்கும் பட்டணத்துக் கடைகளுக்கும் அங்கிருந்து பால் போயிற்று. பெண்ணுக்குத் தோடு வாங்கியதும் பையனை இடைநிலைப்பள்ளிக்கு அனுப்பியதும் மாட்டுப் பணந்தான் என்று கூறும் குடும்பங்கள் ஜொகூரில் ஏராளம். இந்தியாவிலிருந்து குடியேறியவர்கள் கொண்டு வந்த மாடுகள் இங்கே ஒன்றோடொன்று கலந்து ஒரு தனி வகையே உருவாகிவிட்டது. கால்நடைத் துறையினர் அதற்கு ‘உள்ளூர் இந்தியப் பால்மாடு’ என்றே பெயரிட்டிருக்கிறார்கள். இந்நாட்டுக்குரிய கெடா-கிளந்தான் மாடு வேறு, இது வேறு. எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டன் பாட்டிமார் ஒரு கால்நடை வகைக்கே காரணமாக இருந்தார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

மாடு என்றால் துரைக்கும் தொழிலாளிக்கும் தகராறு. இளம் ரப்பர்க் கன்றுகளுக்கு இடையே மண்ணைக் காக்க ஒருவகைக் கொடி போடுவார்கள். அது மாட்டுக்குக் கரும்பு மாதிரி. வெட்டுக்காட்டுக்குள் புகுந்தால் மங்கைத் தட்டிவிடும். எனவே மேய்ச்சலுக்கு எல்லை வகுத்தார்கள், எல்லை தாண்டிய மாட்டைப் பிடித்துக் கட்டினார்கள். ஆனால் இலையுதிர் மாதங்களில் ஒரு சலுகையை இயற்கையே செய்தது. மேலே கூரை விலகிவிடுவதால் நிரைக்குள் வெயில் விழும், புல் தழைக்கும். உதிர்ந்த சருகைக் கூட்டி வந்து கொட்டகையில் பரப்பினால், மாடு மிதித்துச் சாணத்தோடு கலந்து நல்ல எருவாகும். அந்த எரு கொல்லைக்குப் போகும். பங்குனியில் நட்ட கத்தரி அந்த எருவில்தான் காய்த்தது. சருகு காய்ந்து கிடப்பதால் தீப்பிடிக்கும் அபாயமும் அந்த மாதங்களில் இருந்தது. ஒரு பீடித் துண்டு போதும். தீ என்று யாராவது கத்தினால் லயமே மரக்கிளையை ஒடித்துக்கொண்டு ஓடும்.

கொல்லையில் விளைந்ததை எவரும் தனியே தின்றதில்லை. முருங்கைக்காய் ஒரு வீட்டில் காய்த்தால் பத்து வீட்டில் சாம்பார் மணக்கும். கன்று ஈன்ற வீட்டிலிருந்து சீம்பால் அண்டை அயலுக்குப் போகும். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது எழுதாத சட்டம். ஒரு கைப்பிடி உப்பையாவது, இரண்டு பச்சை மிளகாயையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். சண்டையும் இல்லாமலில்லை. அடுத்த வீட்டு ஆடு அவரைக் கொடியைக் கடித்ததற்காகத் தண்டலிடம் போன வழக்குகளைச் சேர்த்தால் ஒரு புத்தகமே ஆகும்.

இந்தச் சிறு நிலத்தின் அருமை முதன்முதலில் வெளிப்பட்டது 1930ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதார மந்தத்தில். 1925இல் ராத்தல் ஒரு வெள்ளிக்கு மேல் விற்ற ரப்பர், 1932இல் பத்துக் காசுக்கும் கீழே இறங்கியது. விலையை உயர்த்த வேண்டி 1930 மே மாதம் முழுவதும் பால் வெட்டுவதில்லை என்று தோட்டக்காரர் சங்கத்தினர் தீர்மானித்தார்கள். இலை உதிராமலேயே ஒரு மாதம் வெட்டு நின்றது. ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாட்கூலி 40 காசு, 32 காசு என்று குறைந்து, மேலும் இறங்கிற்று. அந்த ஓரிரு ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நம்மவர்கள் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இருந்தவர்கள் பாதிச் சம்பளத்தில் எப்படி வாழ்ந்தார்கள் என்று கணக்குப் பார்த்தால், கூலியை மட்டும் வைத்து அந்தக் கணக்கு நேராகாது. கீரையையும் கிழங்கையும் முட்டையையும் பாலையும் சேர்த்தால்தான் நேராகும். கூலி குறைந்தாலும் தொழிலாளி தாக்குப் பிடிக்கிறானே என்று முதலாளிகள் சொல்ல முடிந்ததும் இதனால்தான். கொல்லை நம்மைக் காத்தது. அதே வேளை குறைந்த கூலியையும் அது தாங்கிப் பிடித்தது. இரண்டையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை.

அடுத்து ஜப்பானியர் காலம். 1942 ஜனவரி 31ஆம் நாள் ஆங்கிலப் படை ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் பின்வாங்கிப் பாலத்தை உடைத்தது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. மலாயா தான் உண்ணும் அரிசியில் பெரும்பகுதியை வெளியிலிருந்தே வாங்கி வந்த நாடு. ரப்பரை வாங்க ஆளில்லை. ரப்பரைத் தின்னவும் முடியாது. ஜப்பானியர் எல்லாரையும் உணவு பயிரிடச் சொன்னார்கள். சிங்கப்பூர்ச் சீனர்களைக் கொண்டு ஜொகூரின் எண்டாவில் 1943இல் ஒரு குடியேற்றமே அமைக்கப்பட்டது. தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்குதான் சோறாயிற்று. அவித்துத் தின்றார்கள். காய வைத்து மாவாக்கிப் புட்டும் களியும் செய்தார்கள். கசப்பு வகையை ஊற வைத்து நீரை இறுத்துவிட்டுத்தான் சமைக்க வேண்டும் என்பதை அனுபவத்தில் கற்றார்கள். அதில் நச்சு உண்டு. வாடிய மரவள்ளி இலையைத் தின்ற ஆடு விழுந்து சாவதைக் கண்டவர்கள் பிள்ளைகளை எச்சரித்தார்கள்.

இதே காலத்தில்தான் சயாம் பர்மா ரயில்பாதைக்கு ஆள் பிடித்தார்கள். 1942 முதல் 1943 வரை கட்டப்பட்ட அந்த 415 கிலோமீட்டர்ப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரவர் திரும்பவில்லை. கணவனும் மூத்த மகனும் போய்விட்ட வீடுகளில் பெண்கள் கொல்லையை நம்பியே பிள்ளைகளை வளர்த்தார்கள். பால்வெட்டு இல்லாததால் மரம் இலையை உதிர்த்ததும் தளிர்த்ததும் எவர் கண்ணிலும் படவில்லை. கிழங்கு முற்றிற்றா என்பதே அப்போதைய பருவம்.

போர் முடிந்து மூன்றாண்டு ஆவதற்குள் 1948இல் அவசரகாலம் வந்தது. 1950 முதல் பிரிக்ஸ் திட்டத்தின்படி சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றுசேர்த்துச் சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகக் கூடாது என்பது நோக்கம். அரிசிக்குப் பங்கீடு, இரவில் ஊரடங்கு, காலையில் வாசலில் சோதனை. வெட்டுக்குப் போகும் பெண்ணின் தூக்குவாளியைத் திறந்து பார்த்தார்கள். வேலிக்கு வெளியே போய்விட்ட கொல்லைகள் காடாயின. உள்ளே அகப்பட்ட நிலத்தில் ஒருவர் பாத்தியை ஒருவர் மிதிக்கும் நெருக்கம். ஜொகூர் இதை நெடுநாள் அனுபவித்தது. அவசரகாலம் 1960 ஜூலை 31ஆம் நாள்தான் முடிந்தது.

அந்த ஆண்டுகளிலேயே மற்றொரு வினை தொடங்கிவிட்டது. சுதந்திரத்தையொட்டி ஐரோப்பிய முதலாளிகள் சிலர் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். பேராசிரியர் உங்கு அஜிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தோட்டம் துண்டானபோது லயமும் போயிற்று, கொல்லையும் போயிற்று. பத்தாண்டு, இருபதாண்டு உழைத்துப் பண்படுத்திய மண்ணில் தொழிலாளிக்குச் சல்லி உரிமையில்லை என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. நாமே தோட்டத்தை வாங்கினால் என்ன என்ற எண்ணத்தில் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்று சிறுகச் சிறுகப் பணம் கட்டிப் பங்கு சேர்த்த குடும்பங்கள் நாடெங்கும் உண்டு. அது தனியே பேச வேண்டிய வரலாறு.

1960களிலிருந்து ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். செம்பனை எப்போதும் பச்சை. ஓலை முதிர்ந்தால் வெட்டித்தான் இறக்க வேண்டும், தானாக உதிராது. ஆகவே ஜொகூரின் பெரும்பகுதியில் இலையுதிர் காலம் என்பதே மறைந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். லயங்கள் காலியாயின. பல தோட்டங்களில் மாடு வைத்திருக்கக் கூடாது என்று அறிவித்து, குறித்த நாளுக்குள் விற்கச் சொன்னார்கள். இன்று செம்பனைத் தோப்பில் மாடு மேய்த்தால் புல்வெட்டுச் செலவு மிஞ்சும் என்று கூறி அதே மாடு வளர்ப்பை அரசாங்கத் துறைகள் ஊக்குவிக்கின்றன. பெரிய நிறுவனங்கள் அதை ஒரு தொழிலாகவே செய்கின்றன. முப்பது ஆண்டு பிந்தி வந்த ஞானம்.

தோட்டம் மூடப்பட்டால் இழப்பீடு தரவேண்டும் என்று 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஓராண்டுக்கு 20 நாள் சம்பளம் என்ற கணக்கு. சம்பளத்தை வைத்துப் போடும் கணக்கு அது. அதில் முருங்கைக்கு இடமில்லை. மாட்டுக்கொட்டகைக்கு இடமில்லை. வாரத்தில் மூன்று நாள் கடைக்குப் போகாமல் சமைத்த பெண்ணின் திறமைக்கும் இடமில்லை. அடுக்கு வீட்டுக்குக் குடிபோன பிறகு, ஒரு கட்டுக் கீரைக்கும் காசு கொடுக்க வேண்டி வந்தபோது, பழைய சம்பளத்தில் ஓடிய குடும்பம் புதிய சம்பளத்திலும் ஏன் தள்ளாடுகிறது என்று பலருக்குப் புரியவில்லை. தோட்டத்தில் இருந்தவரை இரண்டு வருமானம் இருந்தது. ஒன்று மட்டுமே சம்பளச் சீட்டில் எழுதப்பட்டது.

கொல்லையோடு பிறந்த பள்ளி மட்டும் பிழைத்துக்கொண்டது. ஜொகூரில் இன்றும் எழுபதையொட்டிய தமிழ்ப்பள்ளிகள் நடக்கின்றன. அவற்றில் பலவற்றின் பெயரில் இன்னும் ‘தோட்டம்’ என்ற சொல் இருக்கிறது, சுற்றிலும் தோட்டமே இல்லாதபோதும். சில பள்ளிகள் பிள்ளைகளைத் தேடி வீடமைப்புப் பகுதிகளுக்கு இடம் மாறிவிட்டன. பழைய லயம் இருந்த இடங்களைச் செம்பனை மூடியிருந்தாலும், ஓலைகளுக்கிடையே ஒரு முருங்கையோ ஒரு கருவேப்பிலையோ நிற்பதைக் கண்டால், இங்கே ஒரு வீட்டின் பின்பக்கம் இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

கூலாய், மாசாய் பக்கத்து அடுக்கு வீடுகளில் நான்காம் மாடித் தாழ்வாரங்களைப் பார்த்தால், காலியான சாயவாளிகளில் கருவேப்பிலையும் துளசியும் கற்பூரவள்ளியும் வளர்கின்றன. வாளிக்கு அரையடி மண். தாளிக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண், “அக்கா, ரெண்டு கொத்து கிள்ளிக்கிறேன்” என்று குரல் கொடுத்துக்கொண்டே கிள்ளிவிடுகிறார். உள்ளேயிருந்து பதில் வருவதற்குள் அவர் தம் அடுப்படிக்குப் போய்விடுகிறார்.